ஹாலேயாகலா மலையில் பார்த்த வெள்ளிச் செடி: பக்கத்தில் மிதித்தாலே செத்துவிடுமா?

தேயிலை மாணிக்கம் (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை ரோஜாவில் பூச்சி, ஆந்தூரியத்தில் அழுகல் என்று கேட்டுக்கொண்டிருந்த ஆள் நான். இந்த முறை கொஞ்சம் தூரத்துக் கேள்வி.

கலிஃபோர்னியாவில் மகள் வீட்டுக்கு மூன்று மாதம் வந்திருக்கிறோம். ஆகஸ்ட் கடைசியில் மருமகனுக்கு லீவு கிடைத்தது, ஹவாயில் மவுயி தீவுக்குக் கூட்டிப்போனார்கள். கடற்கரையில் எனக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் என்ன வேலை? இரண்டு நாள் குடைக்கு அடியில் உட்கார்ந்து வறுகடலை தின்றோம். மூன்றாம் நாள் மலை என்றதும்தான் எனக்கு உயிர் வந்தது.

மலையின் பெயர் ஹாலேயாகலா. கடலோரத்திலிருந்து 60 கிலோமீட்டர் சொச்சத்தில் 3,055 மீட்டர் ஏறிவிடுகிறது கார். நம் தொட்டபெட்டாவே 2,637தான். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது காது அடைக்கும் இல்லையா, இங்கே காதோடு பேச்சும் அடைத்துவிட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த மங்கி குல்லாவைப் பார்த்து மகள் வழியெல்லாம் சிரித்தாள். மேலே போய்க் கதவைத் திறந்ததும் அவளே அதைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள்.

மேலே மரம் கிடையாது. துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் எரிமலைச் சரளை, கண்ணுக்கு எட்டிய வரை அதுதான். அந்தப் பொட்டலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பாத்திரக்கடையில் வெள்ளிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது போல உருண்டை உருண்டையாகச் செடிகள். இலையெல்லாம் கத்தி மாதிரி, மேலே பட்டு மாதிரி மயிர். ஒரே ஒரு செடி மட்டும் பூத்திருந்தது. நடுவிலிருந்து என் உயரத்துக்கு ஒரு கதிர் கிளம்பி, அதில் நூற்றுக்கணக்கில் கருஞ்சிவப்புப் பூக்கள். சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு, காய்ந்து சாம்பல் நிறமாகி, கதிர் சாய்ந்து கிடந்தன. பலகையில் சில்வர்ஸ்வார்ட் என்று போட்டிருந்தார்கள்.

முப்பத்தொரு வருடம் தேயிலை எஸ்டேட்டில் ஃபீல்டு சூப்பர்வைசராக இருந்தவன். செடி என்றால் கையால் தொட்டுப் பார்த்துத்தான் பழக்கம். பூவைக் கிட்டத்தில் படம் எடுக்கலாமென்று பாதையிலிருந்து நாலடி உள்ளே போனேன். செடியைத் தொடக்கூட இல்லை. எங்கிருந்தோ ஒரு ரேஞ்சர் அம்மா, சின்ன வயசுதான், ஓடிவந்து கையை நீட்டி நிறுத்திவிட்டார். கோபப்படவில்லை. என் கால் இருந்த இடத்தைக் காட்டி ஏதோ சொன்னார். மகள் சொல்லித்தான் புரிந்தது: வேர் செடிக்கு அடியில் இல்லையாம், நான் நிற்கும் இடத்தில் இருக்கிறதாம், மிதித்தால் செடி சாகுமாம். அத்தனை பேர் முன்னால் முகம் சுருங்கிவிட்டது. ஹோட்டலுக்குத் திரும்பும் வரை யாரோடும் பேசவில்லை.

இப்போது என் சந்தேகம். ஒரு தேயிலைச் செடியைச் சுற்றி வாரத்துக்கு ஒரு தடவை ஆள் நடக்கிறார்கள், நூறு வருடமாக நிற்கிறது. இது மட்டும் என்ன, கால் பட்டால் சாகிற செடி? பயமுறுத்துவதற்காகச் சொல்கிறார்களா? வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும் என்று பலகையில் இருந்ததாக மகள் சொன்னாள், அதுவும் நிஜமா? அந்தக் காய்ந்த செடிகள் பூத்ததால் செத்தவையா, என்னைப் போல யாராவது மிதித்துச் செத்தவையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படம் இணைத்திருக்கிறேன்.

கார்டன் செல்வா (விருதுநகர்)

படம் பார்த்தேன் அண்ணாச்சி. இது கற்றாழை இனம். எங்கள் ஊரில் தண்டவாளத்து ஓரமெல்லாம் ஆனைக்கற்றாழை நிற்கும். பல வருடம் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் கம்பம் மாதிரிக் கதிர் விட்டுப் பூக்கும், அப்புறம் தாய்ச்செடி காய்ந்துபோகும். பக்கத்திலேயே குட்டி போட்டிருக்கும், அதனால் கவலை இல்லை. ரேஞ்சர் சும்மா மிரட்டியிருப்பார்.

ஹேமா (முன்பு மவுயி, இப்போது ஓசூர்)

செல்வா, பார்வைக்கு அப்படித்தான் தெரியும், ஆனால் இது கற்றாழைக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. சூரியகாந்திக் குடும்பம். மாணிக்கம் ஐயா எடுத்த படத்தைப் பெரிதாக்கி அந்தக் கருஞ்சிவப்புப் பூவைப் பாருங்கள், சின்னச் சூரியகாந்தி போலவே நடுவில் தட்டும் சுற்றி இதழ்களும் இருக்கும். முக்கியமாக, இது குட்டி போடாது. பூத்தால் போயிற்று. விதை விழுந்து முளைத்தால்தான் அடுத்தது.

கணவரின் வேலைக்காக நாலு வருடம் மவுயியில் இருந்தோம். அங்கே எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. வீட்டில் உட்கார்ந்து பைத்தியம் பிடிக்கும் போலிருந்தபோது, மலையில் களை பிடுங்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். மாதம் இரண்டு சனிக்கிழமை. அதனால் இந்தச் செடியை உங்களைவிடக் கொஞ்சம் கிட்டத்தில் தெரியும். ஆனால் ஐயா, நாலு வருடத்தில் நானும் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

முதலில் ஒன்று. அந்த ரேஞ்சர் சொன்னது சத்தியம். அங்கே மண் என்று எதுவும் கிடையாது, வெறும் எரிமலைச் சரளை. பெய்கிற தண்ணீர் நிற்காமல் இறங்கிப்போய்விடும். அதனால் செடி வேரை ஆழமாக விடாமல், மேல்மட்டத்திலேயே சுற்றி நாலாபக்கமும் பரப்பி வைத்திருக்கிறது. பனியோ தூறலோ விழுந்த உடனே பிடித்துக்கொள்ள வேண்டும் அல்லவா. சரளை லேசாக, பொலபொலவென்று இருக்கும். அதில் ஒரு ஆள் கால் வைத்தால் அடியிலுள்ள மெல்லிய வேர் நசுங்கும். ஒருவர் மிதித்தால் உடனே செத்துவிடும் என்றில்லை. ஆனால் அந்த இடத்துக்கு வருடத்துக்குப் பல லட்சம் பேர் வருகிறார்கள். ஆளுக்கு நாலடி உள்ளே போனால் யோசியுங்கள். உங்கள் தேயிலைக்கு ஆணிவேர் இருக்கிறது, மண்ணும் இருக்கிறது, மழையும் இருக்கிறது. அதோடு இதை ஒப்பிடுவது நியாயமில்லை.

அந்தப் பட்டு மயிரைப் பற்றிச் சொன்னீர்களே, அது அழகுக்கு இல்லை. அந்த உயரத்தில் வெயில் தோலை உரிக்கும், ராத்திரி தண்ணீர் உறையும். வெயிலைத் திருப்பி அடிப்பதற்காக அந்த மயிர். இலைகள் ஒரு கிண்ணம் போல வளைந்து நிற்பதால் நடுக்குருத்துக்கு வெளிச்சம் குவிந்து அந்த இடம் மட்டும் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். இலைக்குள்ளே ஜெல்லி மாதிரி ஒரு பசை, அதில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இத்தனை ஏற்பாடும் அந்த ஒரு மலைக்காக. இந்த வகை ஹாலேயாகலாவின் உச்சியிலும் எரிமலைப் பள்ளத்திலும், சுமார் 2,100 மீட்டருக்கு மேலே மட்டும்தான். உலகத்தில் வேறு எந்த மலையிலும் இயற்கையாகக் கிடையாது. பக்கத்துத் தீவில் மவுனா கேயா மலையில் இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. அதன் நிலைமை இதைவிட மோசம். ஆடுமாடு மேய்ந்து, காட்டில் மிஞ்சியது சுமார் ஐம்பது செடிகள் என்கிற அளவுக்கு வந்து, நாற்று விட்டு நட்டுத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹவாய்க்காரர்கள் இதை ஆஹினாஹினா என்பார்கள். ஹினா என்றால் நரை. ரொம்ப நரைத்தது என்று அர்த்தம். எங்கள் குழுவில் ஒரு வயதான உள்ளூர்ப் பாட்டி இருந்தார். புதிதாக வருகிறவர்களிடம் தன் தலையைக் காட்டி, இதுதான் பெயர், மறக்காதே என்பார்.

தேயிலை மாணிக்கம்

ஹேமாம்மா, ரொம்ப நன்றி. என் தலையும் அதே நிறம்தான், பெயர் மறக்காது.

வேர் விஷயம் இப்போது விளங்குகிறது. ஆனால் ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் தொழிலில் செடியைப் பூக்க விடக்கூடாது. கொழுந்து எடுத்துக்கொண்டே இருப்போம், சில வருடத்துக்கு ஒருமுறை கவாத்து அடிப்போம். பாத்தியில் வெள்ளைப் பூ தலைகாட்டினால் பெரிய துரை என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். பூக்காமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கியவன் நான். இதுவோ ஒரு பூவுக்காகவே உட்கார்ந்திருக்கிறது. எத்தனை வருடம் உட்கார்ந்திருக்கும்?

நடராஜன் (ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், உதகை)

மாணிக்கம், அதற்குக் கணக்கு ஒன்றாக இல்லை. 20 வருடத்தில் பூக்கும் செடி உண்டு, 90 வருடம் வரை காத்திருப்பதும் உண்டு என்கிறார்கள். அந்த வெள்ளி உருண்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவு வயது என்று மேலோட்டமாகக் கொள்ளலாம், அவ்வளவுதான்.

நம் குறிஞ்சியை நினைத்துப் பாருங்கள். அதுவும் வாழ்வில் ஒரே முறை பூத்துச் சாகிற புதர்தான். ஆனால் அது கூட்டமாகக் கணக்கு வைத்திருக்கிறது. 2006இல் மூணாறு மலை நீலமானது, 2018இல் மறுபடி, இனி 2030. ஒரு சரிவு முழுக்க ஒரே சமயத்தில் பூத்துவிடுவதால் மகரந்தத்துக்குப் பஞ்சமே இல்லை. சில்வர்ஸ்வார்டுக்கு அந்தப் பஞ்சாங்கம் கிடையாது. ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குப் பூக்கும். சில வருடம் ஏராளமாக, சில வருடம் விரல்விட்டு எண்ணும்படி.

இதில்தான் சிக்கல். இந்தச் செடியின் மகரந்தம் அதே செடியின் பூவில் விழுந்தால் விதை கட்டாது. வேறொரு செடியிலிருந்து வர வேண்டும். ஒரு கதிரில் 600 பூந்தலை வரை இருக்கலாம். ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் துணைக்கு இன்னொன்று பூக்காவிட்டால் அத்தனையும் பெரும்பாலும் பதர். அரை நூற்றாண்டு சேர்த்த சொத்தெல்லாம் ஒரே கோடையில் காற்றோடு போய்விடும். நீங்கள் பார்த்த இடத்தில் ஒன்று மட்டும் பூத்திருந்தது என்று எழுதியிருந்தீர்கள். நான் முதலில் கவனித்தது அந்த வரியைத்தான்.

மகரந்தத்தைச் சுமப்பது அங்குள்ள மஞ்சள் முகத் தேனீ. நம் மலைத்தேனீ போலக் கூட்டமாக அடை கட்டாது, தனித்தனியாக நிலத்தில் வளை தோண்டி முட்டையிடும். 1960களில் அர்ஜென்டினா எறும்பு அந்தப் பூங்காவுக்குள் வந்துவிட்டது. ஹவாய்த் தீவுகளில் இயல்பாக எறும்பே கிடையாது என்பதை மனதில் வையுங்கள். அங்குள்ள பூச்சிகளுக்கு எறும்பை எதிர்த்துப் பழக்கமில்லை. எறும்பு பரவிய இடத்தில் தேனீ குறைகிறது, தேனீ குறைந்தால் பூ பூத்தும் பயனில்லை.

இன்னொரு சுவையான செய்தி. உங்கள் மகள் இருப்பது கலிஃபோர்னியா அல்லவா? கோடையில் அங்கே காய்ந்த குன்றுகளில் பிசுபிசுவென்று தார் வாடை அடிக்கும் மஞ்சள் பூச்செடிகள் இருக்கும். டார்வீட் என்பார்கள். சில்வர்ஸ்வார்டின் மூதாதை அந்தக் குடும்பம். டிஎன்ஏ பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, அநேகமாக ஏதோ ஒரு பறவையின் இறகிலோ காலிலோ ஒட்டிய விதை, கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர் கடலைத் தாண்டியிருக்கிறது. அந்த ஒரு வருகையிலிருந்து இன்று ஹவாயில் முப்பது வகைக்கு மேல். கொடியாக ஒன்று, மரமாக ஒன்று, சதுப்பில் பாய் விரித்தது போல ஒன்று. அண்ணன் தம்பி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஏற்காடு பாபு

அருமையான தகவல்கள். நமக்கும் குளிர் இருக்கிறது, உயரம் இருக்கிறது. மாணிக்கம் சார், இன்னும் அமெரிக்காவில்தானே இருக்கிறீர்கள்? திரும்பும்போது ஒரு பொட்டலம் விதை கொண்டுவர முடியுமா? கொரியர் செலவு நான் தருகிறேன். ஊட்டியில் வந்தால் நல்ல விலை போகும்.

தேயிலை மாணிக்கம்

பாபு தம்பி, தப்பாக நினைக்கக் கூடாது. அங்கே ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எடுக்கலாம் என்றாலும் எடுக்கமாட்டேன். நாலடி உள்ளே போனதற்கே நாலு நாள் தூக்கம் இல்லை.

அதுவும் போக, நம் மலைக்கு அழகுக்கென்று வெளியிலிருந்து கொண்டுவந்தது எல்லாம் என்ன ஆயிற்று? உண்ணிச்செடி அப்படி வந்ததுதான். சீகை மரம் பட்டைக்கு என்று வந்தது, இன்று புல்வெளியைத் தின்றுவிட்டது. போதும்.

ஹேமா

மாணிக்கம் ஐயா சொன்னதற்கு ஒரு கும்பிடு.

பாபு அண்ணா, நீங்கள் முதல் ஆள் இல்லை. நூறு வருடத்துக்கு முன்பு இதே ஆசையில்தான் அந்தச் செடி ஒழியப் பார்த்தது. மலை உச்சிக்குப் போய்வந்ததற்கு அடையாளமாக ஆளுக்கொரு செடியைப் பிடுங்கிக்கொண்டு இறங்குவார்களாம். காயவைத்து வீட்டில் அலங்காரமாக வைக்கலாம் இல்லையா. சிலர் பிடுங்கி, பந்து போலப் பள்ளத்தில் உருட்டிவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். மீதியை ஆடு மேய்ந்தது. 1916இல் தேசியப் பூங்கா ஆன பிறகும் உடனே நிற்கவில்லை. 1930களில் எண்ணிப் பார்த்தபோது சுமார் 4,000 செடிகள்தான். பிடுங்குவதைத் தடுத்து, ஆடு நுழையாமல் மலையைச் சுற்றி வேலி போட்டு (அந்த வேலி 1980களில்தான் முழுமையானது, அந்தச் சரிவில் கம்பி இழுத்தவர்களைக் கும்பிட வேண்டும்), 1991இல் எண்ணியபோது சுமார் 65,000. இதை எங்களிடம் சொல்லும்போது பயிற்சி கொடுத்தவர் கொஞ்சம் நிறுத்துவார். நாங்கள் கை தட்டுவோம். தட்டி முடித்ததும் மீதியைச் சொல்வார்.

அந்த மீதிதான் ஐயா கேட்ட கடைசிக் கேள்விக்குப் பதில். நீங்கள் பார்த்த காய்ந்த இரண்டிலும் கதிர் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவை பூத்துச் செத்தவை, ஆயுள் முடிந்தவை. அதற்கு வருந்த வேண்டாம். கதிர் இல்லாமல், வெறும் உருண்டையாகவே சாம்பல் பூத்துக் கிடந்தால்தான் வயிறு கலங்கும். அது பூக்காமலே செத்தது. அப்படிப்பட்டவை 1990களிலிருந்து கூடிவிட்டன. மொத்த எண்ணிக்கை பாதிக்கு மேல் விழுந்திருக்கிறது. காரணம் ஆடும் இல்லை, ஆளும் இல்லை. ஏறும்போது பாதி வழியில் மேகத்துக்குள் புகுந்து வெளியே வந்திருப்பீர்களே? அந்த மேகத்துக்கு மேலே ஒரு சூடான காற்று அடுக்கு மூடி போல உட்கார்ந்திருக்கும், மேகத்தை அதற்கு மேல் ஏறவிடாது. அந்த மூடி இப்போதெல்லாம் முன்னைவிட அதிக நாள் உட்கார்ந்திருக்கிறது. உச்சிக்கு மழை குறைகிறது.

சூடு கூடினால் செடி இன்னும் மேலே போய்த் தப்பித்துக்கொள்ளும் என்றுதானே நினைப்போம்? நானும் அதைத்தான் கேட்டேன். மேலே போக மலை இல்லை. தாழ்வான பக்கத்தில் கொஞ்சம் ஈரத்தில் சொகுசாக வளர்ந்த செடிகள்தான் முதலில் மடிகின்றன. வேலி போட்டு நிறுத்தக்கூடிய விஷயமா இது? நாற்று விட்டு, வறட்சியைத் தாங்கும் செடிகளின் விதையாகப் பொறுக்கி நடுகிறார்கள். நானும் ஒரு சனிக்கிழமை தண்ணீர் கேன் சுமந்திருக்கிறேன். ஒரு செடிக்கு ஒரு டம்ளர் அளவு. இத்தனை பெரிய மலையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு நிற்பது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள்.

கார்டன் செல்வா

கற்றாழை என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ரேஞ்சர் மிரட்டினார் என்றதையும்.

ஹேமா

ஐயா, இன்னொன்று. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கி, இடது பக்கக் கீழ் மூலையைப் பாருங்கள். சரளையில் உங்கள் ஷூ தடம் ஒன்று தெரிகிறது. அதற்கு வலப்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளையாக ஒன்று. முதலில் கல் என்று நினைத்தேன். கல் இல்லை. நாற்று. தானாக முளைத்தது.

தேயிலை மாணிக்கம்

பார்த்தேன் ஹேமாம்மா. மருமகன் லேப்டாப்பில் பெரிதாக்கிக் காட்டினார். இலை தனித்தனியாகத் தெரிகிறது, ஏழோ எட்டோ. ஷூ தடத்துக்கும் அதற்கும் நடுவில் நாலு விரற்கடை இருக்கும். நிஜத்தில் அங்கே நின்றபோது என் கண்ணில் படவே இல்லை. முப்பத்தொரு வருடம் நர்சரி நாற்று எண்ணிய கண்.

அந்த ரேஞ்சர் பெண் என் காலைக் காட்டிச் சொன்னது வேரை மட்டும்தானா, இதையும் சேர்த்தா என்று மகளைக் கேட்டேன். அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை என்கிறாள்.

ஊருக்குப் போகும்போது எடுத்துப்போக அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போடச் சொல்லியிருக்கிறேன். பூ மட்டும் வருகிற மாதிரி கீழ் மூலையை வெட்டிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், ஷூ தடத்தோடு அப்படியே போடு என்றேன்.